கோடிப் பேர் ஆடும் விளையாட்டில் பத்துப் பேர்

கண்டி, கட்டுகஸ்தோட்டையில் அக்கா வீட்டில் தங்கும் நாட்களில், நள்ளிரவு தாண்டியும் மாடி அறையில் வெளிச்சம் தெரியும். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதியை எதிர்பார்த்திருக்கும் மருமகன் உள்ளே வெலோரண்ட் ஆடிக்கொண்டிருப்பான். பாதி நேரம் ஆடவும் மாட்டான், காத்திருப்பான். திரையின் மேலே ஒரு சின்னக் கடிகாரம் ஓடும். 1:10. 2:45. 4:30. ஐந்துக்கு ஐந்து என்று பத்துப் பேர் சேர்ந்தால்தான் ஒரு மெட்ச் தொடங்கும். ஓர் இரவு அந்தக் கடிகாரம் ஆறு நிமிடத்தைத் தாண்டியபோது என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: “உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான ஆக்கள் விளையாடுறாங்கன்னு சொல்றாங்களே மாமா. பத்துப் பேர் கிடைக்க மாட்டேங்குதே, ஏன்?”

நல்ல கேள்வி. ஒன்லைன் விளையாட்டுகளைப் பற்றி நம் கண்ணில் படும் எண்கள் எல்லாம் கோடிகளில்தான் இருக்கின்றன. அவை பொய்யான எண்கள் அல்ல. ஆனால் “எத்தனை பேர்” என்ற கேள்விக்கு நாலைந்து விடைகள் உண்டு. எந்த விடையைச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் வாசித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்தரை மணிக்கு அங்கே நிற்பவர்களைத் தலை எண்ணினால் ஓர் எண் வரும். காலையிலிருந்து இரவு வரை வந்து போனவர்களை எண்ணினால் அதைப் போலப் பல மடங்கு. இந்த மாதத்தில் ஒரு தடவையாவது அங்கே பஸ் ஏறியவர்கள் அதைவிட அதிகம். எசல பெரஹெர பார்க்க வாழ்நாளில் ஒரே ஒரு முறை வந்து இறங்கியவர்களையும் சேர்த்தால் எண் எங்கேயோ போய்விடும். நான்கு கணக்கும் சரிதான். ஆனால் ஐந்தரை மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா என்று பார்ப்பவருக்கு முதல் கணக்குத்தான் வேண்டும்.

விளையாட்டுகளிலும் இதே நான்கும் உண்டு. இந்தக் கணத்தில் உள்ளே இருப்பவர்கள், ஒரு நாளில் வந்தவர்கள், ஒரு மாதத்தில் வந்தவர்கள், தொடங்கிய நாளிலிருந்து பதிவு செய்தவர்கள். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் கடைசி எண். அது ஒருபோதும் குறையாது. ஆடுவதை விட்டவரும், கடவுச்சொல்லை மறந்தவரும் அதில் இருந்துகொண்டேதான் இருப்பார்கள். முதல் எண்ணை மறைக்காமல் காட்டும் இடங்கள் குறைவு. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் அதைக் காட்டுகிறது. 2018 ஜனவரியில் பப்ஜியின் கணினிப் பதிப்பில் ஒரே நேரத்தில் 32 இலட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தது அப்படித்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. 2025 மார்ச்சில் ஸ்டீமில் ஒரே நேரத்தில் இணைந்திருந்தவர்கள் முதல் தடவையாக 4 கோடியைத் தாண்டினார்கள். அதில் பலர் தளத்தைத் திறந்து வைத்திருந்தார்களே தவிர எதையும் ஆடிக்கொண்டிருக்கவில்லை.

ஐந்தாவதாக ஒரு கணக்கும் இருந்தது. அது சந்தாதாரர் கணக்கு. இந்தத் துறையில் எண்களைப் பற்றி நடந்த பேச்சு முழுவதும் ஒரு காலத்தில் அதைச் சுற்றித்தான் இருந்தது. 2004 நவம்பரில் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் அதற்குப் பெரிய உதாரணம். அமெரிக்காவில் மாதம் 14.99 டொலர் கட்டினால்தான் அன்று உள்ளே போக முடிந்தது. காசு கட்டியவரை எண்ணுவதில் என்ன குழப்பம் இருக்கப் போகிறது என்று தோன்றும். 2010 அக்டோபரில் 1 கோடி 20 இலட்சம் சந்தாதாரர் என்று நிறுவனம் அறிவித்தது. அந்த அறிவிப்புகளின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு விளக்கம் இருக்கும். மாதக் கட்டணம் கட்டியவர், முன்கட்டண அட்டை வைத்திருப்பவர், விளையாட்டை வாங்கி முதல் இலவச மாதத்தில் இருப்பவர் ஆகியோர் சந்தாதாரர். அதோடு, இணைய விளையாட்டு நிலையங்களிலிருந்து கடந்த 30 நாட்களுக்குள் உள்ளே வந்தவரும் சந்தாதாரர்தான்.

அந்தக் கடைசி வரியை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். சீனாவில் பெரும்பாலானோர் மாதக் கட்டணம் கட்டவில்லை. மணித்தியாலக் கணக்குக்கு அட்டை வாங்கி ஆடினார்கள். ஆக, மாதம் முழுவதும் காசு கட்டிய ஓர் அமெரிக்கரும், ஓர் இணைய நிலையத்தில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் உட்கார்ந்த ஒரு சீன மாணவரும் அந்தப் பட்டியலில் ஒரே எடை. நிறுவனம் இதை மறைக்கவில்லை, எழுதித்தான் வைத்திருந்தது. தலைப்பில் எண்ணை மட்டும் போட்டவர்கள்தான் அடிக்குறிப்பை விட்டுவிட்டார்கள்.

பிறகு எண் இறங்கத் தொடங்கியது. 2014 நவம்பரில் புதிய தொகுதி வந்தபோது மறுபடி 1 கோடிக்கு ஏறி, 2015 மார்ச் முடிவில் 71 இலட்சமாகி, செப்டெம்பர் முடிவில் 55 இலட்சத்தில் நின்றது. 2015 நவம்பரில், இனிமேல் சந்தாதாரர் எண்ணிக்கையை வெளியிடப் போவதில்லை என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. துறையின் மற்றப் பெரிய நிறுவனங்களைப் போலவே அதுவும் “மாதத்தில் இயங்கும் பயனர்” என்ற எண்ணைச் சொல்லத் தொடங்கியது. இலவசமாக ஆடும் விளையாட்டுகள் பெருகிய காலத்தில் அந்த மாற்றத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் எந்த எண்ணைச் சொல்வது, எப்போது நிறுத்துவது என்பதை முடிவுசெய்வது எண்ணப்படுகிறவர்கள் அல்ல, எண்ணுகிறவர்கள் என்பதும் அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இந்தக் கணக்குகளில் கண்டி எங்கே இருந்தது? நெடுங்காலம் எங்கேயும் இல்லை. 2005 அளவில் ஒரு டொலர் சுமார் 100 ரூபாய். மாதம் 15 டொலர் என்பது 1,500 ரூபாய். அந்தக் காசைப் புரட்டினாலும், வெளிநாட்டுக்குக் கட்டக் கடனட்டை வேண்டும். ரியூசன் போகும் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்? அதனால் டவுனில் மாடிப்படி ஏறிப் போகும் சின்ன நெட் கஃபேகளுக்குப் போனோம். அந்த அறை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எட்டுக் கணினிகள், ஒரு மேசை விசிறி, எழுத்துகள் தேய்ந்த விசைப்பலகைகள், வரிசையில் நின்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் பையன்கள். கணினிகளை ஒரே கம்பியில் இணைத்து கவுண்டர் ஸ்ட்ரைக் ஓடும், டோட்டா ஓடும். வெளியே இணையம் அறுந்தாலும் உள்ளே ஆட்டம் நிற்காது. போட்டிருந்தது பெரும்பாலும் பிரதி எடுத்த இறுவட்டு. எந்த நிறுவனத்தின் எந்தப் பட்டியலிலும் அந்த எட்டுப் பேரும் இல்லை, வரிசையில் நின்றவர்களும் இல்லை. சீனாவில் இணைய நிலையத்தில் உட்கார்ந்தவர் உலகச் சாதனை எண்ணில் ஒருவராகச் சேர்ந்தார். கண்டியில் உட்கார்ந்தவர் ஆடியதற்கு ஒரு தடயமும் இல்லை. அதனால்தான் பழைய எண்களை வைத்துக்கொண்டு “அந்தக் காலத்தில் இலங்கையில் யார் ஒன்லைன் கேம் ஆடினார்கள்” என்று யாராவது சொல்லும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். கையில் போன் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் எண்ணப்படுகிறது, சில பிள்ளைகள் இரண்டு மூன்று தடவை. இதைப் புரிந்துகொள்ள நம் கையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2019இல் இலங்கையில் கைபேசி இணைப்புகள் 3 கோடியைத் தாண்டியிருந்தன. நாட்டின் மக்கள்தொகையோ 2 கோடியே சொச்சம். 2024 குடிசன மதிப்பீட்டில்கூட 2 கோடி 17 இலட்சம்தான். மேலதிகமான அந்த இணைப்புகள் யாருடையவை? ஒரு சிம் பேச, ஒரு சிம் டேட்டாவுக்கு, ரீலோட் போடாமல் அலுமாரிக்குள் கிடக்கும் ஒரு சிம். எண்ணப்பட்டது இணைப்பு, ஆள் அல்ல.

விளையாட்டிலும் எண்ணப்படுவது கணக்குத்தான். மருமகனுக்குப் போனில் ஆடும் ஃப்ரீ ஃபயரில் மட்டும் மூன்று கணக்குகள் இருந்தன. ஒன்று அவனுடையது. ஒன்று, புதிதாகத் தொடங்கினால் கிடைக்கும் பரிசுகளுக்காகத் திறந்தது. மூன்றாவது, போனைத் தொலைத்த பள்ளி நண்பனுக்காக அவன் பாதுகாத்து வைத்திருந்தது. அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தங்கச்சியும் பக்கத்து வீட்டுச் சின்னவனும் அவனுடைய கணக்கிலேயே ஆடுவார்கள். மூன்று பேரை ஒருவராகவும், ஒருவரை மூன்று பேராகவும் அந்த ஒரே போன் சொல்லியிருக்கிறது.

ஃப்ரீ ஃபயரை நடத்தும் கரீனாவின் தாய் நிறுவனம் சிங்கப்பூரைச் சேர்ந்த சீ. அது பங்குச் சந்தையில் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எண்களைத் தருகிறது. 2021இன் மூன்றாம் காலாண்டில் அதன் விளையாட்டுகளில் இயங்கிய பயனர் 72 கோடி 90 இலட்சம். அதன் விளக்கக் குறிப்பும் கவனிக்க வேண்டியது. ஒரே கணக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகளை ஆடினால், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட நாட்டுச் சந்தைகளில் ஆடினால், அது ஒன்றுக்கு மேற்பட்ட பயனராக எண்ணப்படும். எண்ணும் காலமும் மூன்று மாதம் என்பதை மறக்கக் கூடாது. ஜூலையில் ஒருநாள் திறந்து, பிடிக்காமல் அழித்தவரும் அதில் உண்டு.

அதே காலாண்டில் காசு செலவழித்தவர்கள் 9 கோடி 32 இலட்சம். அதாவது எட்டுப் பேரில் ஒருவர். மற்ற ஏழு பேர் ஒரு சதமும் கொடுக்கவில்லை. கண்டியில் ஆடும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அந்த ஏழு பேரில்தான் இருப்பார்கள் என்பது என் எண்ணம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது விளையாட்டுக்குள் பொருள் வாங்கப் பயன்படும் டயமண்டின் விலையும் கூடவே ஏறியது. காசு தராதவரை எதற்கு எண்ணுகிறார்கள் என்று கேட்கலாம். அவர் இல்லாவிட்டால் காசு கொடுத்தவருக்கு எதிரே ஆட ஆளில்லை. ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர் இறங்கும் தீவில் ஆறு பேர் மட்டும் நின்றால், எவ்வளவு அழகான உடை வாங்கியிருந்தாலும் அதைப் பார்க்க யாரும் இல்லை. காசு தராத பிள்ளை அந்த விளையாட்டுக்குத் தன் நேரத்தைத் தருகிறது, கூட்டத்தைத் தருகிறது. இதைப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இலவசம் என்று சொல்லப்படுவது முழு இலவசம் அல்ல.

2022 பெப்ரவரியில் இந்தியா ஃப்ரீ ஃபயரைத் தடைசெய்தது. தொற்றுக்கால அடைப்புகளும் முடிந்து பள்ளிகள் திறந்திருந்தன. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் 72 கோடி என்பது 48 கோடியே 55 இலட்சமாகச் சுருங்கியது, காசு கொடுத்தவர்கள் 4 கோடி 39 இலட்சம் ஆனார்கள். ஓர் அரசாங்கத்தின் உத்தரவும் ஒரு பள்ளி மணியும் ஒரு விளையாட்டின் சனத்தொகையை இப்படி மாற்றும்.

இனி மருமகனின் கேள்விக்கு வருவோம். வெலோரண்ட் 2020 ஜூனில் வந்தது. ஓராண்டு நிறைவில் மாதத்துக்குச் சராசரியாக 1 கோடி 40 இலட்சம் பேர் ஆடுவதாக அதை உருவாக்கிய ரயட் நிறுவனம் சொன்னது. அந்த எண்ணிலிருந்து கட்டுகஸ்தோட்டை மாடி அறை வரை இறங்கி வருவோம். இடையில் வரும் பங்குகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. படி எப்படி இறங்குகிறது என்பதைக் கவனித்தால் போதும்.

மாதத்தில் வருபவர்களில் நாளுக்குக் கால்வாசிப் பேர் வருகிறார்கள் என்று வைத்தால் 35 இலட்சம். ஒவ்வொருவரும் இரண்டு மணித்தியாலம் ஆடினால், 24 மணித்தியாலத்தில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆக, எந்தக் கணத்திலும் உள்ளே இருப்பவர்கள் சராசரியாக 2 இலட்சத்து 90 ஆயிரம். இவர்கள் உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கிறார்கள். நமக்கு எட்டும் சேர்வர்களில் பதினைந்தில் ஒரு பங்கு என்றால் 19 ஆயிரம். நள்ளிரவுக்குப் பிறகு அதில் கால்வாசி, அதாவது 4,900 அளவில். தரவரிசைப் போட்டியை ஆடுபவர்கள் பாதி என்றால் 2,400. வெலோரண்டில் இரும்பில் தொடங்கி ஒன்பது தரங்கள் உண்டு. சமமாகப் பிரித்தால் உங்கள் தரத்தில் இருப்பவர்கள் 270 பேர். இந்த 270 பேரிலும் பெரும்பாலானோர் ஏற்கெனவே மெட்ச்சுக்குள் இருக்கிறார்கள். ஒரு மெட்ச் 35 நிமிடம், காத்திருப்பு 2 நிமிடம் என்றால், இந்தக் கணத்தில் கதவுக்கு வெளியே நிற்பவர்கள் பதினெட்டில் ஒரு பங்கு. பதினைந்து பேர்.

1 கோடி 40 இலட்சம் பதினைந்தாக இறங்கிவிட்டது, எந்தப் படியிலும் யாரும் பொய் சொல்லவில்லை. பதினைந்தில் ஒரு ஆறு பேர் குறைந்தாலும் பத்துப் பேர் சேரமாட்டார்கள். அப்போது விளையாட்டு பக்கத்துத் தரங்களிலும் ஆள் தேடும். கடிகாரம் ஓடும். கடைசியில் சேரும் பத்துப் பேரில் திறமை ஏறுக்கு மாறாக இருக்கும், ஒரு பக்கம் நசுங்கும்.

“நமக்கு எட்டும் சேர்வர்” என்று ஏன் சொன்னேன்? வெலோரண்டுக்கு இலங்கையில் சேர்வர் இல்லை. நம் பிள்ளைகள் சிங்கப்பூருக்கோ மும்பைக்கோ போக வேண்டும். கண்டியில் அழுத்தும் ஒரு பொத்தான் மலையிறங்கிக் கரைக்குப் போய், கடலடிக் கேபிளில் ஏறிப் போகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். சிங்கப்பூர் நேர்கோட்டில் 2,700 கிலோமீற்றர் அளவில். போய்த் திரும்ப, ஆகக் குறைந்தது செக்கனில் ஆயிரத்தில் 27 பங்கு. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் கருவிகளும் உண்டு என்பதால் உண்மையில் அதைவிடக் கூடும். இலண்டன் என்றால் தொடக்கமே 87. மூலையில் எதிரி தலை நீட்டுவதை முதலில் பார்ப்பவர் யார் என்பதே வெற்றியை முடிவுசெய்யும் விளையாட்டில் அது தோல்வி. ஆகவே ஐரோப்பாவில் அந்த நேரம் எத்தனை இலட்சம் பேர் விழித்திருந்தாலும் கட்டுகஸ்தோட்டைக்கு அவர்கள் இல்லாதவர்கள்தான்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வீட்டு இணையப் பொதிகள் பலவற்றில் டேட்டாவை எந்நேரத்துக்கும் ஒன்று, இரவுக்கு ஒன்று என்று பிரித்துத் தருவார்கள். இரவுப் பங்கு தாராளமாக இருக்கும், ஆனால் 12 மணிக்குப் பிறகுதான் தொடங்கும். வீட்டில் அக்கா அலுவலக வேலைக்கும் சின்னவளின் ஒன்லைன் வகுப்புக்கும் எந்நேர டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பதைப் பார்த்து வளர்ந்தவன், தன் ஆட்டத்தைத் தானாகவே 12 மணிக்குப் பின்னால் தள்ளிவைத்திருக்கிறான். நல்ல மனம்தான். ஆனால் நமக்கு 12:30 ஆகும்போது சிங்கப்பூரில் விடியற்காலை 3 மணி. நமக்கு டேட்டா கிடைக்கும் நேரமும் அங்கே ஆள் கிடைக்கும் நேரமும் ஒன்றையொன்று தாண்டிப் போய்விடுகின்றன. மும்பைக்கும் நமக்கும் ஒரே நேரம். அங்கே இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை கூட்டம் நிறையும். “முடிந்தால் எட்டரைக்கு மும்பையில் ஒரு மெட்ச் ஆடிப் பார், டேட்டாக் காசை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன்.

ஆள் குறையும்போது சில விளையாட்டுகள் இயந்திரத்தால் நிரப்பிவிடுகின்றன. பப்ஜியின் போன் பதிப்பில் நூறு பேர் விமானத்திலிருந்து குதிப்பார்கள். அவர்களில் பலர் பொட் எனப்படும் நிரல்கள். நேராக ஓடி வருவார்கள், குறி தப்பிச் சுடுவார்கள், எளிதில் விழுவார்கள். புதிதாக வரும் பிள்ளைக்குத் தொடக்கத்திலேயே வெற்றி கிடைப்பதற்கு அது ஒரு காரணம். “நான் இருபது பேரை வீழ்த்தினேன்” என்று பிள்ளை சொன்னால் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இருபதில் எத்தனை பேர் ஆட்கள் என்று கேட்கக் கற்றுக்கொடுக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை செய்தியில் வரும் எண்ணையும் அப்படியே விழுங்காது.

செய்தியில் ஓர் எண்ணைப் பார்த்தால் எண்ணப்பட்டது ஆளா கணக்கா, எவ்வளவு காலத்துக்குள், சொன்னது யார் என்று மட்டும் பாருங்கள். 2021இல் ஃப்ரீ ஃபயருக்கு “நாளொன்றுக்கு 15 கோடி” என்று வந்தது. மூலத்தில் அது உச்ச நாளின் எண், ஒரே ஒரு நாள். மறுநாள் எத்தனை என்று அது சொல்லவில்லை.

போன மாதம் மறுபடி கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். மணி எட்டரை. கீழே தேங்காய் துருவும் சத்தம், மாடியில் அவன். மெட்ச் தேடத் தொடங்கும் முன் நண்பர் பட்டியலைத் திறந்தான். முப்பத்தெட்டுப் பெயர்கள், கிட்டத்தட்ட எல்லாம் மங்கிய சாம்பல் நிறம். விரலால் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போனான். “இவன் டோஹா போயிட்டான் மாமா. இவன் கொழும்புல வேலை, ஞாயிறு மட்டும் வருவான். இது நம்ம அக்குறணை பையன், போன வருஷம் கம்பியூட்டரை வித்துட்டான். இவன் கனடா. அங்க இப்ப காலைல பதினொரு மணி, வகுப்புல இருப்பான்.” இந்த முப்பத்தெட்டுப் பேரும் பதிவு செய்தவர் கணக்கில் இன்னும் இருக்கிறார்கள்.

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெயர் பச்சையானது. குண்டசாலைப் பையன், பள்ளியில் ஒரே வகுப்பு. “வந்துட்டான்!” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். இருவரும் ஒரே அணியில் சேர்ந்து பொத்தானை அழுத்தினார்கள். கடிகாரம் 0:01 என்று தொடங்கியது. இன்னும் எட்டுப் பேர் வேண்டும்.